வழியனுப்ப வந்தவர் நின்றுவிடும் இடம்

2018 செப்டம்பரில் டெல்லியிலிருந்து பாட்னாவுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் ஓர் இளைஞர் எழுந்து போய், வெளியேறும் கதவைத் திறக்கப் பார்த்தார். பார்த்தவர்கள் கூச்சல் போட்டார்கள். பணியாளர்கள் ஓடிவந்து தடுத்தார்கள். பாட்னாவில் இறங்கியதும் அவரைப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்தார்கள், அவர்கள் போலீசிடம் கொடுத்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது இவ்வளவுதான்: அவருக்கு அது முதல் விமானப் பயணம், கழிப்பறைக் கதவு என்று நினைத்துவிட்டார். விட்டுவிட்டார்கள். உயரத்தில் பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த அழுத்தமே கதவை அதன் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பலசாலி இழுத்தாலும் அசையாது. ஆகவே அன்றைக்கு யார் உயிருக்கும் ஆபத்து இருக்கவில்லை. ஒருவருடைய மானம்தான் போனது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதுவும் போயிருக்காது.

இதோடு இன்னொரு கதவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட இருந்த விமானத்தில், அது தரையில் நிற்கும்போதே, அவசரக் கதவு திறக்கப்பட்டது. திறந்தவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். தவறுதலாக நடந்துவிட்டது, அவரே சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டார் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் பிறகு விளக்கம் கொடுத்தார். சோதனைகளை முடித்துக்கொண்டு விமானம் தாமதமாகக் கிளம்பியது. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். நடுவானில் ஒருவர் கதவைப் பிடித்து இழுப்பதைப் பார்க்கிறவர்களுக்கு வரும் பயம் தரையில் வராது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பழக்கப்பட்டவர் செய்தால் அது தவறு என்று உடனே புரிந்துகொள்ளப்படுகிறது. பழக்கமில்லாதவர் செய்தால் முதலில் சந்தேகம், பிறகு விசாரணை, கடைசியில்தான் தவறு என்ற பெயர் கிடைக்கிறது. விமான நிலையம் எல்லோரையும் சந்தேகப்படுவதற்கென்றே அமைக்கப்பட்ட இடம். அங்கே தெரியாமை குற்றத்தின் சாயலில் தெரிகிறது. அது வெறும் தெரியாமைதான் என்று முதலில் கண்டுகொள்ள வாய்ப்பிருப்பது சீருடைக்காரருக்கு அல்ல, வரிசையில் முன்னும் பின்னும் நிற்கிறவருக்கு. அதனால்தான், முதல்முறை பறக்கிறவருக்கு உதவுவதைப் புண்ணியக் கணக்கில் எழுதக் கூடாது என்கிறேன். விமான நிலையத்தின் ஏற்பாட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது; அதை அடைக்கச் சக பயணியை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள ரயில் நிலையத்தை நினைத்தால் போதும். ஊரிலிருந்து முதன்முதலாகச் சென்னைக்கோ மும்பைக்கோ போகிறவரை வீட்டார் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார வைப்பார்கள். பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, எதிரே இருப்பவரிடம் "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கங்க, இவரு சென்னையில இறங்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பொறுப்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கண்ணெதிரே மாறுகிறது. இந்திய விமான நிலையங்களில் இது முடியாது. டிக்கெட்டும் அடையாள அட்டையும் இருப்பவரை மட்டுமே வாசலில் நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் உள்ளே விடுவார். பார்வையாளர் சீட்டு சில நிலையங்களில் உண்டு. அதுவும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். டாக்ஸி பிடித்து, மாலை போட்டு, திருநீறு பூசி வழியனுப்ப வந்த பத்துப் பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். பயணத்தின் கஷ்டமான பகுதி அத்தனையும் அந்தக் கதவுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமலேயே ஒப்படைத்துவிட்டு வீட்டார் திரும்புகிறார்கள்.

இப்படி உள்ளே போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கனைத் தொடங்கி, சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கும் விற்றபோது அதை விளம்பர வித்தை என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் கதையைத் தழுவி 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' மூலம் நம்மவர்களில் பலருக்கு அது தெரியும். 2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து கிளம்பியது. ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்பது பிரதமர் அதற்குக் கொடுத்த விளக்கம். அந்தத் திட்டத்தில்தான் 2018-ல் சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது. 2014-ல் உள்நாட்டு விமானங்களில் நடந்த பயணங்கள் 6.7 கோடி சொச்சம். 2024-ல் 16 கோடிக்கு மேல். இது பயணங்களின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. ஒரே ஆள் இருபது முறை பறந்தால் இருபதாகத்தான் எண்ணப்படும். அதைக் கழித்துப் பார்த்தாலும், பத்தாண்டில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிய கூட்டத்தில் புதியவர்கள் கணிசமாக இருந்தே தீர வேண்டும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த திருச்சி நிலையத்தில் இதற்குக் கணக்கே தேவையில்லை, வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

அவர்களுக்கு என்ன தெரியாது? ஆங்கிலம் தெரியாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிதான். ஒரு போர்டிங் பாஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். விமான எண், இருக்கை எண், கேட் எண், வரிசை எண், ஏறும் குழுவின் எண், பி.என்.ஆர். என்று உள்ளங்கையளவு தாளில் அரை டஜன் எண்கள். இவற்றில் ஒன்றுதான் இப்போது தேவை. எது என்று அந்தத் தாள் சொல்லாது. ஏறும் நேரம், புறப்படும் நேரம் என்று இரண்டு நேரங்கள். புறப்படும் நேரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்று காபி குடிக்கிறவருக்கு, பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் கேட் 25 நிமிடத்துக்கு முன்பே மூடப்பட்டுவிடும் என்பது தெரிய வழியில்லை. பஸ் நகரும்போது ஓடிப்போய் ஏறிப் பழகிய ஊர் இது. இன்னும் மோசமானது தேதி. வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ம் தேதி 00.40 மணி என்று இருந்தால் 14-ம் தேதி இரவு எட்டு, ஒன்பது மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக வருகிறவர் ஒரு நாள் தாமதமாக வருகிறார். எம்.ஏ. படித்தவரும் இதில் விழுந்திருக்கிறார். இதில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை, பழக்கத்துக்குத்தான் வேலை. இதற்கு மேல், இரைச்சலைக் குறைக்கிறோம் என்று சென்னை உட்படப் பல நிலையங்கள் அறிவிப்புகளைக் குறைத்து அமைதி நிலையங்களாகும் வழியில் போயின. திரையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது சுகம். காதால் கேட்டே ஊர் சுற்றியவருக்கு இருந்த ஒரு துணையும் போனது.

பொது அறிவைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்றால், விதிகள் பொது அறிவுக்கு நேர் எதிராக இருக்கின்றன. காய்கறி வெட்டும் கத்தி பெரிய பெட்டிக்குள் போகலாம், கைப்பையில் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. ஆபத்தான பொருளைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதானே வீட்டு வழக்கம்? லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கும் இடத்தில் உடனே அணைக்கலாம், சரக்கறையில் அது முடியாது என்பதுதான் காரணம். யாராவது சொன்னாலொழிய எவருக்கும் தானாகத் தோன்றாது. தேங்காய் இன்னும் விசித்திரம். உலர்ந்த கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்குகளின் சர்வதேசப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. முழுத் தேங்காயையும் கைப்பையில் விடமாட்டார்கள். ஆனால் சபரிமலைப் பருவத்தில் இருமுடியில் தேங்காய் கொண்டுபோக 2024 அக்டோபரில் விலக்கு அளித்தார்கள். அது 2025 ஜனவரி 20 வரைக்கும்தான். அந்தப் பருவத்தில் மாலை போட்டவரை விட்டதைப் பார்த்த ஒருவர், மகளின் வளைகாப்புக்குத் தேங்காயோடு வந்தால் எடுத்துப் போடுவார்கள். அவருக்குக் கோபம் வருவதில் என்ன தப்பு? கன்வேயர் பெல்ட்டுக்குப் பத்தடி முன்னால், பின்னால் நிற்பவர் மெதுவாக "அம்மா, பையில தேங்காய், கத்தரிக்கோல் ஏதும் இருக்கா? பர்ஸையும் செல்லையும் இந்த ட்ரேயில வச்சிருங்க" என்று சொன்னால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் அதே விஷயம் அதட்டலாக வரும்.

இதெல்லாம் விமான நிறுவனமும் நிலையமும் செய்ய வேண்டிய வேலை, காசு வாங்குகிறவர்கள் அவர்கள், பயணி எதற்குச் சம்பளமில்லாத ஊழியனாக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் போக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. கவுண்டரில் ஆள் குறைகிறது, இயந்திரம் கூடுகிறது. வீட்டிலேயே இணையத்தில் செக்-இன் செய்யாமல் வந்து கவுண்டரில் போர்டிங் பாஸ் கேட்டவர்களிடம் சில நிறுவனங்கள் தனிக் கட்டணமே வாங்கின. 2022 ஜூலையில் அமைச்சகம் தலையிட்டு, வாங்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. தெரியாதவர் தெரியாததற்காகக் கொடுத்த அபராதம் அது. மொழி விஷயமும் அப்படியே. 2020 ஆகஸ்டில் சென்னை நிலையத்தில், இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று சொன்ன கனிமொழியிடம், நீங்கள் இந்தியரா என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி கேட்டதாக அவரே பகிர்ந்துகொண்டார். நாடாளுமன்ற உறுப்பினருக்கு அந்தக் கேள்வி என்றால், பேராவூரணியிலிருந்து வரும் பெரியவருக்கு எது வரும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

நிறுவனங்களிடம் உதவி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதே இடைவெளியைக் காட்டிக்கொடுக்கிறது. தனியாகப் பயணம் செய்யும் குழந்தைக்கு ஒரு குறியீடு உண்டு, பார்வையற்றவருக்கு உண்டு, நடக்க முடியாதவருக்கு மூன்று வகை வீல்சேர் குறியீடு உண்டு. வழி தெரியாதவருக்கென்று எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் வகை ஒன்று கிடையாது; கூடவே வந்து கூட்டிப்போகும் சேவை பெரிய நிலையங்களில் காசுக்குக் கிடைக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அம்மாக்களும் அப்பாக்களும் வீல்சேர் கேட்கிறார்கள். முழங்கால் நன்றாகத்தான் இருக்கும். பிராங்க்பர்ட்டிலோ தோகாவிலோ விமானம் மாறும்போது கைபிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும், வீல்சேரைத் தள்ளுகிறவர்தான் அந்த ஆள். இதை ஏமாற்று என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நடக்க முடியாதவருக்கு நாற்காலி கிடைக்காமல் போவதால் அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் காலில் குறையில்லாத ஒருவர் நாற்காலியில் போய் உட்காருவது, அவர் கேட்டது வேறு, கிடைப்பது இது ஒன்றுதான் என்பதால். அரசின் கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'ஈ.சி.ஆர்.' வகையில் வரும். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அவர்களைப் பாதுகாக்கவே ஏற்பட்ட சட்டம் அது, 1983-ல் வந்தது. யார் அதிகம் படிக்காமல் கடல் கடக்கிறார் என்பது பாஸ்போர்ட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு அவரை நிறுத்திக் கேள்வி கேட்கப் பயன்படுகிறது, கேட்டுக்கு வழிகாட்டப் பயன்படுவதில்லை.

சக பயணி ஏன் உதவுவதில்லை? கல்நெஞ்சம் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் சரியில்லை. 1973-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். சிலருக்குத் தலைப்பே வழியில் விழுந்துகிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பதுபோல் நடிக்க வைத்தார்கள். நேரம் இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. குணத்தைவிட அவசரம்தான் தீர்மானித்தது. நாற்பதே பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதன் எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் விமான நிலையம் எல்லோரையும் தாமதமானவராக உணரவைக்கும் இடம் என்பதை நினைத்தால் அது பொருந்துகிறது. இதில் ஒரு வேடிக்கை, அந்த அவசரம் பெரும்பாலும் பொய். சோதனையைத் தாண்டியபின் கேட்டுக்கு எதிரே ஒரு மணி நேரம் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் நாம். கேட்கிறவர் பக்கத்திலும் ஒரு தவறான கணக்கு ஓடுகிறது. 2008-ல் பிராங்க் பிளின், வனெஸ்ஸா லேக் ஆகியோர் வெளியிட்ட சோதனைகளில், முன்பின் தெரியாதவர்களிடம் சின்ன உதவி கேட்கப் போனவர்கள், எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தார்களோ அதில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் கேட்டதுமே காரியம் முடிந்தது. முகம் சுளிப்பார்கள் என்ற பயம் உண்மையைவிடப் பெரிதாக இருக்கிறது. இவர் கேட்கத் தயங்க, அவர் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்க, கேட் மூடப்படுகிறது.

இப்போது எல்லோர் மனதிலும் இருக்கும் பயத்துக்கு வருவோம். உதவப் போய் மாட்டிக்கொண்டால்? இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2019 ஜூலையில் மும்பைத் தம்பதியர் கத்தார் போனார்கள். உறவுக்காரப் பெண்மணி ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலம் பையில் இருந்தது. தோகாவில் பிரித்தபோது உள்ளே நாலு கிலோவுக்கு மேல் ஹஷீஷ். இருவருக்கும் பத்தாண்டுச் சிறை. மனைவி அப்போது கர்ப்பிணி. குழந்தை அங்கேயே பிறந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று ஏற்கப்பட்டு அவர்கள் ஊர் திரும்ப 2021 ஏப்ரல் ஆயிற்று. கொடுத்தது அந்நியர் அல்ல, சொந்தக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பொருள் கையில் இருந்தால் குற்ற எண்ணமும் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை மாட்டியவர் தலையில். தங்கம் கடத்தும் 'குருவி'களும் கஸ்டம்ஸுக்கு முன்னால் யாராவது அப்பாவியாகத் தெரிகிறாரா என்று பார்ப்பார்கள். ஆகவே பை, பொட்டலம், மாத்திரை டப்பா, மகனுக்கு அல்வா எதுவானாலும் சரி, இன்னொருவருடையதை வாங்கித் தன் பெயரில் கொண்டுபோகவே கூடாது. எடை கூடிவிட்டது, அஞ்சு கிலோ மட்டும் உங்க பேர்ல போட்டுக்கங்க என்று கெஞ்சினாலும் கூடாது. அந்த ஐந்து கிலோவின் சீட்டு நம் பெயரில் ஒட்டப்படுகிறது.

ஆனால் இந்த வாதம் எதுவரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். பையை வாங்கக் கூடாது என்பதிலிருந்து, பேசவே கூடாது என்பது வந்துவிடாது. கேட் எங்கே இருக்கிறது என்று சொன்னதற்காக எந்தச் சட்டமும் யாரையும் பிடித்ததில்லை. ஆபத்து முழுவதும் பொருள் கைமாறுவதில் இருக்கிறது. முதல்முறை பறக்கிறவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் தகவல். மேலே சொன்ன போர்டிங் பாஸ், தேதி, ட்ரே, பவர் பேங்க் எதிலுமே நம் கை அவருடைய பொருளைத் தொட வேண்டிய அவசியமில்லை. எடை கூடியவருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது: கனமான சட்டையை எடுத்து மேலே போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கூடுதல் எடைக்கு அந்தக் கவுண்டரில் பணம் கட்டலாம், இல்லையென்றால் வெளியே நிற்கும் உங்கள் வீட்டாரை போனில் கூப்பிட்டு, நுழைவாயிலில் இருக்கும் வீரரிடம் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாயாலும் கண்ணாலும் செய்யும் உதவி இது.

சிக்கலானது செல்போன். முன்பெல்லாம் விமானத்தில் பேனா வைத்திருப்பவர்தான் உதவிக்காரர். குடியேற்றப் படிவத்தை நீட்டி, "தம்பி, இதக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்று கேட்காத பயணமே இருக்காது. இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போகும்போது நிரப்ப வேண்டிய படிவம் 2017 ஜூலை 1-லிருந்து ஒழிந்தது. போகும் நாட்டுப் படிவமோ ஒழியாமல் போனுக்குள் புகுந்துகொண்டது. சிங்கப்பூர் 2020-லேயே தாளை நிறுத்திவிட்டது. மலேசியா 2024 தொடக்கத்திலிருந்தும், தாய்லாந்து 2025 மே முதலும் இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. மூன்றுமே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். மூன்றுமே இலவசம், ஆனால் அதே தோற்றத்தில் காசு பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு. படிவம் தாளில் இருந்தபோது உதவிக்காரர் பார்த்தது ஒருவருடைய பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மட்டும். இப்போது போனையே வாங்குகிறார். அதில் வங்கி இருக்கிறது, ஓ.டி.பி. வருகிறது, குடும்பப் படங்கள் இருக்கின்றன. அதனால் இந்த உதவிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது என்று சொல்லலாம். அவருடைய பாஸ்போர்ட்டை நம் போனில் படமெடுப்பது வேண்டாம், நம் மின்னஞ்சலைக் கொடுத்து முடித்துவிடுவதும் வேண்டாம். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். அடுத்த முறை அவரே செய்துகொள்வார் என்பது அதில் கிடைக்கும் லாபம்.

கேட்காமல் உதவினால் அவமானப்படுத்துவது ஆகாதா? ஆகலாம். வேட்டி கட்டியவரெல்லாம் புதியவர் அல்ல. நாற்பது வருடம் குவைத்துக்குப் போய்வந்தவராகவும் இருப்பார், நமக்கே பாடம் எடுப்பார். உடையையும் நிறத்தையும் பார்த்து முடிவு செய்வதுதான் அவமானம். செயலைப் பார்க்க வேண்டும். ஒரே திரையை மூன்று முறை வந்து பார்க்கிறவர், போர்டிங் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், வரிசை நகரும்போது சேர்வதா வேண்டாமா என்று பாதியில் நிற்கிறவர். "உங்களுக்குத் தெரியாதா?" என்று தொடங்கினால் எவரும் தெரியும் என்றுதான் சொல்வார். "நானும் மதுரை விமானத்துக்குத்தாங்க நிக்கிறேன், நீங்களுமா?" என்றால் பேச்சு சமதளத்தில் தொடங்கிவிடும். தனியாக வரும் பெண்ணிடம் ஆண் போய் எந்த ஊர், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று துருவுவது உதவியாகாது. பக்கத்தில் இருக்கும் பெண் பயணியிடமோ ஊழியரிடமோ சொல்லிவிடுவது மரியாதை. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள வேண்டும். விமானத்துக்குள் போனபின் தேவைப்படுவது சில்லறை விஷயங்கள்தான்: பெல்ட்டின் கொக்கியைத் தூக்கினால் கழன்றுவிடும், கழிப்பறையின் மடிப்புக் கதவை நடுவில் தள்ள வேண்டும், இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்க வேண்டும், கைக்குழந்தை என்றால் அப்போது பால் கொடுக்கலாம்.

அந்நியரை நம்புவது விமானத் துறைக்கு ஒவ்வாத விஷயம் என்று நினைப்பவர்கள், அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையைப் பார்க்க வேண்டும். அங்கே உட்காருகிறவரிடம் பணியாளர் வந்து, ஆபத்து நேரத்தில் இந்தக் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவ உங்களால் முடியுமா, சம்மதமா என்று கேட்கிறார். சம்மதமில்லை என்றால் இடம் மாற்றிவிடுவார். ஒரு விமானத்தில் இருக்கும் நான்கைந்து பணியாளர்களால் 180 பேரையும் தனியாக வெளியேற்ற முடியாது என்பதால், முன்பின் தெரியாத ஒரு பயணியின் கையைக் கணக்கில் சேர்த்தே பாதுகாப்பு ஏற்பாடு வகுக்கப்பட்டிருக்கிறது. நடுவானில் ஒருவருக்கு மயக்கம் வந்தால், டாக்டர் யாராவது இருக்கிறீர்களா என்று ஒலிபெருக்கியில் கேட்பதும் இதே கணக்குத்தான். அப்படி எழுந்து வருகிறவர் பிறகு வழக்கில் மாட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998-ல் சட்டமே போட்டது. உயிர் போகும் நேரத்துக்கு அந்நியரை நம்பும் ஏற்பாடு, கேட் எண் சொல்லும் நேரத்துக்கு மட்டும் அவரை மறந்துவிடுகிறது.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இமிகிரேஷன் கவுண்டரில் அவருக்காக நாம் பதில் சொல்லக் கூடாது. எங்கே வேலை, யார் அழைத்தார்கள் என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டியவை. அதிகாரி கேட்டால் மொழிபெயர்க்கலாம், கேட்காமல் நுழைந்தால் இருவர் மேலும் சந்தேகம் வரும். துபாயிலிருந்து மும்பை வழியாக மதுரை வருகிறவரிடம், பெட்டி நேராக மதுரைக்கு வந்துவிடும் என்று அனுமானத்தில் சொல்லிவிடக் கூடாது. பொதுவாக, நாட்டுக்குள் நுழையும் முதல் நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். உறுதியாகத் தெரியாவிட்டால் ஊழியரிடம் அவரைக் கொண்டுபோய் விட்டு, "இவங்களுக்கு முதல் தடவை" என்று அவர் காதுபடவே, அவர் சம்மதத்தோடு சொல்வதுதான் சரியான கைமாற்றம். ரயிலில் வீட்டார் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் இங்கே சொல்லப்பட வழியில்லாமல் இருக்கிறது.

டிக்கெட் எடுக்கும்போது நிறுவனங்கள் சைவமா அசைவமா என்று கேட்கின்றன, ஜன்னல் ஓரமா என்று கேட்கின்றன, காலை நீட்டிக்கொள்ளக் கூடுதல் இடம் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்றெல்லாம் கேட்கின்றன. இது முதல் பயணமா என்று ஒரு கட்டம் வைக்கலாம். கட்டம் வைத்தால் வீல்சேர் போல அதையும் எல்லோரும் தட்டிவிடுவார்கள் என்பார்கள். முன்னால் ஏற விடுவது போன்ற சலுகை எதுவும் அதில் கிடைக்காது என்றால் தட்டுவதற்குக் காரணமில்லை. கிடைக்க வேண்டியது, எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த வாசலுக்கு வர வேண்டும், பையில் எது கூடாது என்று அவரவர் மொழியில் முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி, கேட்டில் நிற்கும் ஊழியருக்குத் தெரியும்படி போர்டிங் பாஸில் ஒரு குறி. பெரிய செலவில்லை. வெட்கப்பட்டுத் தட்டாமல் விடுகிறவர்களும் இருப்பார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மகனோ மருமகளோ ஏஜெண்டோதான், அவர்கள் தட்டிவிடுவார்கள்.